சட்டம் 12-ம் பிரிவு 12-ம்

வணக்கம் அண்ணா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் அப்பா வழியில் வந்த முப்பது சென்ட் இடம் எங்களுக்கு இருக்கிறது. வரி ரசீதில் 'நிலம்' என்று போட்டிருக்கிறது. வீடு கட்டலாமா என்று விசாரிக்கப் போனபோது அலுவலகத்தில் மலையாளத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த மச்சான் அதைத் தமிழில் இப்படி எழுதினார்: "நெல்வயல் நியமம் 27 எ வகுப்பு, சட்டம் 12 படி அபேட்சை கொடுக்க வேண்டும்." ஃபோனில் அந்தச் சட்டத்தின் ஆங்கில வடிவத்தைத் தேடி எடுத்துப் பன்னிரண்டாவது பிரிவைப் படித்தேன். அதிகாரிகள் உள்ளே நுழைவது, வண்டியைப் பறிமுதல் செய்வது என்று இருக்கிறது. நாங்கள் ஒரு கூடை மண்கூடக் கொட்டவில்லையே! நெல்வயலுக்கு அதில் தந்திருக்கும் விளக்கமும் குழப்புகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது நெல் பயிரிடும் இடம், அல்லது நெல்லுக்கு ஏற்றதாக இருந்தும் பயிரிடாமல் தரிசாக விட்ட இடம் என்கிறது. நாங்கள் அங்கே நெல் போட்டு வருஷக்கணக்காகிறது, இப்போது இருப்பது தென்னை. அப்படியானால் அது வயலா, இல்லையா? மூன்று மொழியும் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். பறிமுதலைப் பற்றி உங்களிடம் யாருமே பேசவில்லை. உங்கள் மச்சான் எழுத்தை மாற்றினார், சொல்லை மாற்றவில்லை. சட்டசபை நிறைவேற்றுவதைத் தமிழில் சட்டம் என்கிறோம், மலையாளத்தில் அது 'நியமம்'. அதன் கீழ் அரசாங்கம் போடும் விதிகளுக்குத்தான் அங்கே 'சட்டம்' என்று பெயர். நம்முடைய பிரிவு அவர்களுக்கு 'வகுப்பு'. (துறைக்கும் அதே சொல்தான், ரெவன்யூ வகுப்பு என்பார்கள். அது வேறு கூத்து.) ஆக, உங்கள் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம், பிரிவு 27ஏ. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 12-ஆவது விதி. நீங்கள் விதி 12-ஐத் தேடுவதற்குப் பதில் பிரிவு 12-ஐப் போய்ப் படித்துவிட்டீர்கள். இரண்டுக்கும் எண்ணைத் தவிர வேறு உறவு இல்லை.

எழுத்துக் குறியிலும் இதே வில்லங்கம் உண்டு, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டுச் சட்டங்களின் தமிழ் வடிவில் கூறுகளுக்கு (அ), (ஆ), (இ) என்று நம் உயிரெழுத்து வரிசையில் குறி போடுவார்கள். கேரளத்தில் ஆங்கில எழுத்தின் ஒலியை அப்படியே எழுதுவார்கள்: எ, பி, சி, டி, இ. அதனால் மலையாளத் தாளில் (இ) என்று கண்டால் அது ஐந்தாவது கூறு. தமிழ்த் தாளில் அதே (இ) மூன்றாவது. மச்சான் எழுதிய '27 எ' நாம் 27ஏ என்று எழுதுவது. அதைத் தமிழ் வரிசையில் எண்ணினால் ஏழாவது எழுத்தில் போய் நிற்பீர்கள். தமிழாக்கத்தில் ஒரு கூறு பொருந்தவில்லை என்றால், பொருளோடு மல்லுக்கட்டும் முன் குறியைச் சரிபாருங்கள். ஆண்டும் அப்படித்தான். கேரளத்தின் சட்டச் சொற்பொருள் விளக்கச் சட்டத்துக்குப் பெயரிலேயே 1125 என்ற ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கொல்லம் ஆண்டு, நமக்கு 1949-50. முதல் தடவை பார்க்கிறவர்கள் சோழர் காலத்துச் செப்பேடோ என்று திகைப்பார்கள்.

சரி, 27ஏ ஏன் விதி 12-க்கு அனுப்புகிறது? அந்தப் பிரிவில் இருப்பது எளிய விஷயம். அறிவிக்கை செய்யப்படாத நிலத்தை வீட்டுக்கோ கடைக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்த விரும்பும் உடைமையாளர், வகுத்துரைக்கப்பட்ட முறையில் வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் (ஆர்.டி.ஓ.) விண்ணப்பிக்க வேண்டும். இதில் 'வகுத்துரைக்கப்பட்ட' என்பதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடக் கூடாது. ஒரு சட்டத்தில் அந்தச் சொல் வந்தால், விவரம் விதிகளில் இருக்கிறது, அங்கே போ என்று பொருள். பேச்சுத் தமிழில் மாற்றுகிறவர்கள் இதை 'உரிய முறையில்' என்று எழுதிவிடுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கைகாட்டி காணாமல் போய்விடும். விதி 12-க்குப் போனால் படிவம் 6 கிடைக்கும். அது 20.23 ஆர் வரை, அதாவது ஐம்பது சென்ட் வரை உள்ள இடத்துக்கு. உங்கள் முப்பது சென்ட் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒரு முன்கேள்வி இருக்கிறது. உங்கள் இடம் அறிவிக்கை செய்யப்பட்டதா, செய்யப்படாததா? கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் வெறும் பூமி இல்லை, நம்முடைய நஞ்சை. வீட்டு மனை, தோட்ட வகையெல்லாம் 'புரயிடம்'. ஆகவே உங்கள் வரி ரசீது ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதோடு முடிவதில்லை. 2008 சட்டப்படி உள்ளூர்க் கண்காணிப்புக் குழு வயல்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வெளியிட வேண்டும். டேட்டா பேங்க் என்பார்கள். அதில் ஏறியதுதான் அறிவிக்கை செய்யப்பட்ட இடம். ரசீதில் நிலம் என்று இருந்து, டேட்டா பேங்கில் இல்லாவிட்டால்தான் நீங்கள் 27ஏ ஆள். டேட்டா பேங்கிலும் இருந்தால் முதலில் படிவம் 5 போட்டு அதிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் படிவம் 6-ஐ நீட்டினால் திரும்பி வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் பழைய கே.எல்.யு. உத்தரவைக் காட்டி "எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்" என்பார். அது 1967-ஆம் ஆண்டின் கேரள நிலப் பயன்பாட்டு ஆணையின் கீழ் வாங்கியது. 27ஏ 2018 திருத்தத்தில் சேர்ந்தது, 2017 டிசம்பர் 30 முதல் அமல். அவருடைய தாளில் இருக்கும் எண் உங்களுக்கு உதவாது.

இனி வயல் என்ற விளக்கத்துக்கு வருவோம். உங்கள் மூன்று கேள்விகளில் உண்மையில் யோசிக்க வேண்டியது இதுதான். அந்த வாக்கியத்தில் இரண்டு கிளை. ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறையாவது நெல் விளையும் இடம். இன்னொன்று, நெல்லுக்கு ஏற்றதாக இருந்தும் பயிரிடாமல் தரிசாகக் கிடக்கும் இடம். 'ஆண்டுக்கு ஒரு முறையாவது' முதல் கிளைக்கு மட்டும் சொந்தம். தமிழில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பதால், எது எதுவரை பாய்கிறது என்று தெரியாமல் போகிறது. 'அல்லது' என்ற இடத்தில் வாக்கியத்தை வெட்டி, இரண்டாக எழுதிப் பாருங்கள், தெளிந்துவிடும். வெட்டிப் பார்த்தால் கசப்பான ஒன்றும் தெரியும். 'நெல் போடவில்லை' என்பது தனியாக உங்களைக் காப்பாற்றாது. போடாமல் விட்டவரையும் பிடிக்கத்தானே இரண்டாவது கிளையை வைத்தார்கள். நீங்கள் காட்ட வேண்டியது வேறு. சட்டம் அமலுக்கு வந்த 2008 ஆகஸ்ட் 12 அன்று அந்த இடம் எந்தத் தன்மையில் இருந்தது, நெல்லுக்கு ஏற்றதாக இருந்ததா இல்லையா? கேரள உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த நாளின் நிலையை. தென்னைக்கு என்ன வயது, தண்ணீர் நிற்குமா, சுற்றிலும் வயலா வீடுகளா என்பவைதான் பேசும். சந்தேகம் வந்தால் கேரளத் தொலையுணர்வு மையத்திலிருந்து அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் படத்தை வரவழைத்துப் பார்க்கிறார்கள். 2010-இல் வைத்த தென்னை என்றால் வாதம் பலவீனம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மொழியில் எது பெரியது என்று கேட்டிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 348(3) இதற்கு வழி சொல்கிறது. ஒரு மாநிலம் தன் மொழியில் சட்டம் இயற்றினால், ஆளுநரின் அதிகாரத்தில் அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதன் அதிகாரபூர்வமான ஆங்கில வாசகமாகக் கொள்ளப்படும். மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் முரண் வந்தால் என்ன கதியாகும் என்பதற்கு 1996-இல் வந்த பீகார் வழக்கைப் பாருங்கள். பழங்குடிப் பட்டியலின் ஆங்கில வாசகத்தில் 'லோஹரா' என்ற பெயர். இந்தி மொழிபெயர்ப்பில் அது 'லோஹார்' ஆகிவிட்டது. லோஹார் என்பது கொல்லர் சாதி, வேறு ஆட்கள். ஒரு நெடில் இடம் மாறியதில் ஒரு சமூகத்தின் இடஒதுக்கீடே தொங்கியது. ஆங்கில வாசகமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் மச்சானின் தமிழுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை, அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். புரிந்துகொள்ள அதை வைத்துக்கொள்ளுங்கள், வாதாட வைத்துக்கொள்ளாதீர்கள். மணக்கடவில் 7.25 டி.எம்.சி. தண்ணீருக்காகப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின் வரியை எண்ணி எண்ணிச் சண்டை போடும் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தமிழிலேயே எழுதிக் கேட்கலாமா என்றும் யோசிப்பீர்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழில் எழுத கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆனால் பிரிவு எண்ணையும் குறியையும் அவர்கள் சீட்டில் உள்ளபடியே, 'வகுப்பு', 'சட்டம்' என்ற சொற்களோடு சேர்த்து, மேற்கோளுக்குள் போடுங்கள். நீங்கள் அழகு தமிழில் 'பிரிவு 27அ' என்று எழுதினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் அதைத் தேட ஆரம்பிப்பார்.

அதற்கு முன், கிருஷி பவனிலோ (வேளாண் அலுவலகம்) கிராம அலுவலகத்திலோ டேட்டா பேங்கை வாங்கி உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். உட்பிரிவு எண் வரை பார்க்க வேண்டும், மேல் எண் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இருந்தால் படிவம் 5, இல்லாவிட்டால் படிவம் 6. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எழுதுங்கள், மிச்சத்தைப் பேசலாம்.