வாய் வெண்படலத்துக்கு மருந்து வாங்கும்போது: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஊர் செங்கோட்டை. என் மாமியாருக்குத் திருவனந்தபுரத்தில் கீமோ சிகிச்சை நடக்கிறது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை படிந்ததால், அங்குள்ள மருத்துவர் ஃப்ளுகோனசோல் 100 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 14 நாள்களுக்கு எழுதிக்கொடுத்தார். ஊருக்கு வந்து கடையில் சீட்டைக் காட்டியபோது, "100 இல்லை, 150 தான் இருக்கிறது, ஒன்றே போதும்" என்று ஒரு மாத்திரையையும் பி காம்ப்ளெக்ஸ் அட்டை ஒன்றையும் கொடுத்தார்கள். பில் தரவில்லை. கேரளச் சீட்டு இங்கே செல்லாதா?

பதில்: செல்லும். பதிவு பெற்ற மருத்துவர் எழுதிய சீட்டு மாநில எல்லையிலுள்ள ஆரியங்காவைத் தாண்டியதும் காலாவதியாகிவிடுவதில்லை. இந்தியாவில் எந்த மாநிலக் கடையிலும் அதைக் காட்டி மருந்து வாங்கலாம்.

உங்களுக்குக் கிடைத்த மாற்று மருந்துதான் கவலைக்குரியது. 150 மில்லிகிராம் ஒற்றை மாத்திரை பெரும்பாலும் பெண்களின் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு ஒரே வேளையாகத் தரப்படுவது. கீமோவால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு வாயில் கேண்டிடா என்ற பூஞ்சை படர்ந்தால், நாளுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வீதம் 7 முதல் 14 நாள்கள் வரை தருவதே வழக்கமான முறை. இரண்டு மூன்று நாளில் வெள்ளை மறைந்து எரிச்சல் அடங்கினாலும், எழுதிய நாள்கள் முடியும்வரை மாத்திரையை நிறுத்தக்கூடாது. பி காம்ப்ளெக்ஸ் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வாயில் எது வந்தாலும் அதை எடுத்து நீட்டுவது நம் கடைகளின் நெடுநாள் பழக்கம்.

அட்டையில் 'ஷெட்யூல் எச்' (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியது) என்று அச்சிட்டிருக்கும் மருந்துக்கு, சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தம் விருப்பப்படி தரக்கூடாது என்று மருந்து விதிகள் சொல்கின்றன. அதே மூலப்பொருள் கொண்ட வேறு தயாரிப்புக்கும் இது பொருந்தும். சீட்டில் மூலப்பொருளின் பெயர் மட்டும் இருந்தால் எந்த நிறுவனத்தின் 100 மில்லிகிராம் மாத்திரையையும் வாங்கலாம். ஃப்ளுகோனசோல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால், ஜன் ஔஷதி கடையிலோ கேரளத்தின் காருண்யா மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். விலை கணிசமாகக் குறையலாம்.

வாங்குமுன் மாமியார் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இந்த மருந்தால் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கக்கூடும். அதற்கு வாயில் தடவும் மருந்து உதவாது, மாத்திரையின் அளவும் நாள்களும் கூட வேண்டியிருக்கும். கீமோவுக்கு இடையில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மருந்துக்கடைக்குப் போகாமல் உடனே சிகிச்சை தரும் மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

மருந்தின் பெயர், தொகுப்பு எண், காலாவதித் தேதி ஆகியவை உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். 14 மாத்திரைக்கு அட்டையை வெட்டித் தந்தால், தேதி அச்சிட்ட துண்டு உங்களிடம் இருக்கட்டும். பில் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மருந்தை மாற்றிக் கொடுத்ததை மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

கேள்வி: பாலக்காடு கொழிஞ்ஞாம்பாறையில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஆஸ்துமாவும் சர்க்கரையும் உண்டு, பல் செட் வைத்திருக்கிறார். குளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் தடவினால் வெண்படலம் போய்விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. வேறு கம்பெனி மருந்து வாங்கலாமா?

பதில்: கம்பெனியை மாற்றிப் பயனில்லை. அப்பா ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள்; ஆம் என்றால், ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் செட்டை இரவில் கழற்றி, ஈறில் பொருந்தும் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, ஊறவைக்க வேண்டும். பூஞ்சை அங்கேதான் தங்கிவிடுகிறது. சர்க்கரை அளவையும் பரிசோதியுங்கள். மருத்துவர் நிஸ்டாட்டின் திரவத்துக்கு மாற்றினால், அதைச் சிறிது நேரம் வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை அதே வேளையில் பயன்படுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும் என்பதால் இடைவெளி விடுங்கள். தோலுக்குப் பூசும் குளோட்ரிமசோல் களிம்பு விலை குறைவு என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். அது வாய்க்குள் தடவத் தயாரிக்கப்பட்டதல்ல.