யூத மதப் போதனைகளில் இன்றைய சமூகச் சிக்கல்களுக்கு உதவக்கூடியது ஏதாவது உண்டா?

நான் யூதன் இல்லை, அந்த மதத்தை முறையாகப் படித்தவனும் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில், தெருவில் பாதி வீடுகளில் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் இருந்த ஒரு பகுதியில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தேன். கேள்வி பெரிது. அதில் எனக்குத் தெரிந்த ஒரு மூலையை மட்டும் சொல்கிறேன்: கைமாற்று.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, ஒரு ஜனவரி மாதம் வாசல்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒரு கடையில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம். கீழ்வீட்டு அம்மாள் காதில் இது விழுந்திருக்கிறது. "எதுக்கு வாடகை? மூணாவது வீட்டு பேஸ்மென்ட்ல கெமாக் இருக்கு, போய்க் கேளு" என்றார்.

படியிறங்கிப் போனேன். வாக்கர், ஊன்றுகோல், கழிப்பறை நாற்காலி, சுவரோரமாக மடித்துச் சாய்த்த ஐந்தாறு சக்கர நாற்காலிகள். மேசையில் கோடு போட்ட ஒரு நோட்டு. தாடிக்காரர் ஒருவர் என் பெயர், போன் நம்பர், தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு, ஐம்பது டாலருக்கு ஒரு செக் கேட்டார். நாற்காலி திரும்பி வந்தால் செக்கும் திரும்பி வரும். எந்த ஊர், எந்த மதம், என்ன சம்பளம் என்று ஒரு கேள்வி இல்லை. மனசு கேட்காமல் இருபது டாலரை நீட்டினேன். "நாற்காலிக்கு வேண்டாம். தர்மம் பண்ணணும்னு தோணினா அந்த டப்பாவுல போடு, அது வேற கணக்கு" என்றார்.

அந்த 'வேற கணக்கு' என்ற சொல்தான் என்னைப் படிக்க வைத்தது.

கெமாக் என்பது 'கெமிலுத் ஹசதீம்' என்பதன் சுருக்கம். அன்பால் செய்யும் உபகாரம் என்று சொல்லலாம். தர்மத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'செதாக்கா'. அது நீதி என்ற பொருள்தரும் வேரிலிருந்து வந்தது. அதனால் அது கொடுப்பவனின் கருணையில்லை, கடமை. தர்மம் வாங்கிப் பிழைப்பவன்கூடத் தன் பங்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் இதையும்விட உபகாரம் ஒரு படி மேல் என்று, பழைய யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தால்முத் என்ற நூல் மூன்று காரணம் சொல்கிறது. தர்மம் பணத்தால் மட்டும் ஆகும், உபகாரம் உடலுழைப்பாலும் ஆகும். தர்மம் ஏழைக்கு மட்டும், உபகாரம் பணக்காரனுக்கும் உண்டு. தர்மம் உயிரோடு இருப்பவர்களுக்கு, உபகாரம் செத்தவர்களுக்கும் செய்யலாம். சம்பளக்காரனான எனக்கு நாற்காலி கிடைத்தது அந்த இரண்டாவது காரணத்தால்தான் என்று பிறகு புரிந்தது.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், சட்ட அறிஞர் மைமோனிடிஸ். தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கியவர். கடைசிப் படியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பவன். மேலே ஏற ஏற, கேட்பதற்கு முன்பே கொடுப்பவன், யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுப்பவன். உச்சியில் யார் இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கடன் கொடுப்பவன், கூட்டு வியாபாரத்தில் சேர்த்துக்கொள்பவன், வேலை தேடித் தருபவன். விழப்போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துகிறவன்.

யூத வேதமான தோராவில் லேவியராகமம் 25:35க்கு உரை எழுதிய ராஷி என்ற அறிஞர் இதற்கு ஒரு கழுதையை உவமை சொல்கிறார். முதுகில் பாரம் சரியும்போது ஒரு ஆள் தாங்கிப் பிடித்தால் போதும். தரையில் விழுந்துவிட்டால் ஐந்து பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. மூன்று மாத வாடகை பாக்கியில் இருப்பவனுக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தெருவில் நிற்பவனுக்கும் ஆகிற செலவை ஒப்பிட்டுப் பாருங்கள், கழுதை கண்முன் நிற்கும்.

வட்டி விஷயத்தில் இன்னும் கறார். வட்டிக்கு எபிரேயச் சொல் 'நெஷெக்', அதாவது கடி. பாம்பு கடித்தால் முதலில் ஒரு சின்னப் புள்ளிதான், கொஞ்ச நேரத்தில் தலை வரைக்கும் வீங்கும் என்கிறார் அதே ராஷி. மீட்டர் வட்டியும் ரன் வட்டியும் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பணமாக வாங்குவது மட்டும் வட்டியில்லை. கடன் வாங்குவதற்கு முன் ஒருவருக்கு முந்திக்கொண்டு வணக்கம் சொல்லும் பழக்கம் உனக்கு இல்லையென்றால், வாங்கிய பிறகும் சொல்லாதே என்கிறார் தால்முத்தில் வரும் மத ஆசான் ரப்பி ஷிமோன். அந்தக் கும்பிடும் வட்டிக் கணக்கில் சேர்ந்துவிடுமாம்! கொடுத்தவனுக்கும் ஒரு தடை உண்டு: வாங்கியவனிடம் காசு இல்லை என்று தெரிந்தால் அவன் கண்ணில் படும்படி அந்தப் பக்கம் நடக்கவே கூடாது.

தோராவின் இன்னொரு நூலான உபாகமம் 24ஆம் அதிகாரத்தில், அடகு வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று இருக்கிறது. மாவு அரைக்கும் திரிகைக்கல்லை அடகாக வாங்கக் கூடாது, அது அவன் பிழைப்பு. இதைப் படித்தபோது எனக்குக் கடன் ஆப்கள்தான் ஞாபகம் வந்தன. நம் ஊரில் ஐயாயிரம் ரூபாய் கடனுக்குப் போனிலுள்ள தொடர்பு எண்களையெல்லாம் உருவிக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் மேனேஜருக்கும் போன் போட்டார்கள். 2022இல் ரிசர்வ் வங்கி இந்த ஆப்கள் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று விதி போட்டது. வாசலுக்கு வெளியே நில் என்பதுதான் அந்த விதியும்.

கொடுப்பவனின் பயத்தையும் இந்தச் சட்டம் மறக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஏழு வருடத்துக்கு ஒருமுறை, ஏழாம் வருடம் கடன்கள் ரத்தாகும் என்பது தோராவின் சட்டம். விளைவு? அந்த வருடம் நெருங்க நெருங்க யாரும் ஏழைக்குக் கடன் கொடுக்கவில்லை. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஹில்லேல் என்ற அறிஞர் இதைப் பார்த்துவிட்டு 'புரொஸ்புல்' என்ற பத்திரத்தைக் கொண்டுவந்தார். கடனை வசூலிக்கும் பொறுப்பை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் அது ரத்தாகாது. ஏழைக்காகப் போட்ட சட்டம் ஏழைக்கே பாதகமாகிறது என்று தெரிந்ததும், சட்டத்தைத் தூக்கிப் போடாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். 2021-22இல் ஏழாம் வருடம் முடிந்தபோதும் பலர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி இல்லாமல் கடன் கொடுக்காதே என்றும் தால்முத் சொல்கிறது. நண்பர்களுக்குள் என்ன எழுத்து என்று கைமாற்றுக் கொடுத்து, பணமும் நட்பும் போனவர்கள் இதைக் கவனிக்கலாம். நானும் அந்த வகைதான்.

இதெல்லாம் ஏட்டோடு நிற்கவில்லை. 1892இல் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கியவர்களுக்காக ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி தொடங்கியது. இன்றும் வட்டியில்லாக் கடன் தருகிறது, மதம் பார்ப்பதில்லை. ஜெருசலேமில் ஊரி லுபோலியான்ஸ்கி என்ற ஆசிரியர் நோயாளிகளுக்கு ஆவி பிடிக்கும் கருவியை இரவல் கொடுக்கப் போய், 1976இல் அது யாத் சாரா என்ற அமைப்பானது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறார்கள். அவர் பின்னாளில் அந்த நகரத்தின் மேயரும் ஆனார்.

குறையும் சொல்ல வேண்டும். வட்டித் தடை யூதருக்குள் மட்டும்தான். அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று அதே உபாகமம் சொல்கிறது. இஸ்ரேல் வங்கிகள் 'ஹெத்தேர் இஸ்கா' என்ற ஆவணத்தின் மூலம் கடனைக் கூட்டு முதலீடாகக் காட்டி, வட்டி வரும் இடத்தில் லாபம் என்று வைத்துக்கொள்கின்றன. அதை ஹில்லேல் செய்ததோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. கெமாக்கில் பணக் கடன் வாங்கப் பெரும்பாலும் ஜாமீன்தாரர் வேண்டும். ஊரில் யாரையும் தெரியாதவனுக்கு அது எங்கே கிடைக்கும்?

ஒரு கதையை விட மனமில்லை. பாபிலோனில் மார் உக்வா என்பவர் ஓர் ஏழை வீட்டுக் கதவிடுக்கில் தினமும் நாலு காசு வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் யாரென்று பார்க்க ஏழை கதவைத் திறக்க, உக்வாவும் மனைவியும் ஓடிப்போய், நெருப்பு அப்போதுதான் வாரியெடுத்த அடுப்புக்குள் ஒளிந்தார்கள். அவர் கால் சுட்டது. "உங்க காலை என் கால்மேல் வையுங்க" என்றாள் மனைவி. அவள் காலைச் சுடவில்லை. ஏனென்றால் அவள் வீட்டிலிருந்தே கொடுப்பவள், கொடுப்பது சாப்பாடு, வாங்கியவன் அப்படியே சாப்பிடலாம். அவர் கொடுத்த காசைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். நிவாரணப் பையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் பிடித்தபடி போட்டோ எடுக்கிற காலத்தில் இந்தத் தம்பதியை நினைத்துக்கொள்வேன். ரகசியமாகக் கொடுத்த அவரைவிட நேரில் கொடுத்த அவளுக்கே கதையில் மதிப்பு கூடுதல் என்பதையும் சேர்த்துத்தான்.

ஏழாவது வாரம் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்மா முந்தின நாளே பழைய துண்டால் சக்கரக் கம்பி வரைக்கும் துடைத்து வைத்திருந்தார். முதுகுப் பக்கம் ஒட்டியிருந்த எபிரேய எழுத்து என்ன என்று தாடிக்காரரிடம் கேட்டேன். யாரோ ஒருவர் தன் அம்மா நினைவாக வாங்கிக் கொடுத்தது என்றார். நோட்டில் என் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டு, செக்கை நீட்டினார். நான் படியேறும்போது இன்னொருவர் அந்த நாற்காலிக்காக இறங்கிக்கொண்டிருந்தார்.