பேனல் லைன் விட்டதும் பிளாஸ்டிக் ஏன் விரிசல் விடுகிறது?

கேள்வி: 1/144 அளவு எச்ஜி (ஹை கிரேட்) வகை ஆர்எக்ஸ்-78-2 கன்டம் ரோபோவின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை முழுவதும் பொருத்திவிட்டு, எனாமல் பேனல் லைன் மையை (தகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளக் கோடுகளில் ஓடவிடும் மை) கறுப்பு நிறத்தில் விட்டேன். மறுநாள் முன்கையில் மயிரிழை போல விரிசல். வெள்ளைப் பாகங்களில் கோடுகளும் அளவுக்கு மீறித் தூக்கலாகத் தெரிகின்றன. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் மையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொருத்தி முடித்த பிறகு அதை விட்டதுதான் சிக்கல்.

ஸ்நாப்-ஃபிட் கிட்டில் பசை கிடையாது. ஒரு பாதியில் உள்ள முளை, மறு பாதியின் துளைக்குள் இறுக்கமாக நுழைந்து பிடித்துக்கொள்கிறது. அதனால் துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். மையில் கரைப்பானாக உள்ள எனாமல் தின்னர், மெல்லிய இடுக்கு கிடைத்தால் தானாக உள்ளே ஊர்ந்து, முளை இருக்கும் இடம்வரை போய்விடும். மேற்பரப்பில் சில நிமிடத்தில் ஆவியாகிவிடுவது, உள்ளே மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் தங்கும். ஏற்கெனவே இழுபட்ட பிளாஸ்டிக் அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். விரிசல் மறுநாள் கண்ணில் பட்டது இதனால்தான். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பாகங்கள், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் உடையும். எது எந்த பிளாஸ்டிக் என்பது ரன்னரின் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் எனாமல் பக்கமே போகாதீர்கள்.

இப்போதைக்கு முன்கையைப் பிரித்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். பிறகு முளையின் நுனியை நிப்பரால் சாய்வாக வெட்டி இறுக்கத்தைக் குறையுங்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால் அதே இடம் திரும்பவும் பிளக்கும். நீர் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் சிமென்டைத் தூரிகை நுனியில் எடுத்து விரிசலைத் தொட்டால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். லேசாக அழுத்திப் பிடித்து, 24 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, 600, அடுத்து 1000 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மூட்டுக்குள் இருக்கும் மிருதுவான பாலிகேப் பக்கம் சிமென்ட் போக வேண்டாம். அது ஒட்டாது, சுற்றியுள்ள பாகம்தான் ஒட்டிக்கொண்டு மூட்டு அசையாமல் போகும்.

அடுத்த முறை, ரன்னரிலிருந்து வெட்டிச் சுத்தம் செய்த பாகங்களுக்குப் பொருத்தும் முன்பே மை விடுங்கள். முதலில் பளபளப்பான கிளியர் (நிறமற்ற வார்னிஷ்) ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டால் மை கோட்டுக்குள் நன்றாக ஓடும், துடைப்பதும் சுலபம். துடைக்கும் பட்ஸ் தின்னரில் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. தின்னருக்குப் பதில் லைட்டர் ஃப்ளூயிட் என்றால் ஆபத்தே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதை ஊற்றினாலும் பாகம் உடையும். பொருத்திய பிறகுதான் கோடு போடுவேன் என்றால் 0.3 மி.மீ. முனையுள்ள கன்டம் மார்க்கரே நல்லது. ஊற்றும் வகை மார்க்கர் அல்ல, அதிலும் கரைப்பான் உண்டு.

இனி நிறம். கதைப்படி இந்த இயந்திரத்தின் உயரம் 18 மீட்டர்; உங்கள் மேசையில் 12.5 செ.மீ. கிட்டில் 0.2 மி.மீ. அகலக் கோடு என்றால், உண்மை அளவில் கவசத் தகடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 3 செ.மீ. இடைவெளி. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தகட்டில் அப்படியொரு இடைவெளி கன்னங்கரேலென்று தெரியாது, நிழலாகத்தான் தெரியும். ஆகவே வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு, நீலத்துக்கும் அடர் சாம்பலுக்கும் மட்டும் கறுப்பு. போதாததற்கு, 1979 கன்டம் தொலைக்காட்சித் தொடருக்காக குனியோ ஒகவாரா வடிவமைத்த உருவம் கையால் வரைந்து அசைவூட்ட வேண்டியது. அதில் கோடுகள் கொஞ்சம்தான். எல்லாப் பள்ளத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. இப்போது இருக்கும் கறுப்பை, அந்தப் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, ஈர பட்ஸால் எடுத்துவிடலாம்.

கடைசியாக மேட் (பளபளப்பில்லாத) கிளியர் அடித்தால் கோடுகள் இன்னும் அடங்கும். 20 முதல் 30 செ.மீ. தள்ளி, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. மழை நாளில் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்புகை போலப் பூத்துவிடும். கண்ணின் ஒளிபுகும் பாகத்தையும் பீம் சேபர் என்ற ஒளிவாளின் கதிரையும் முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், மேட் பட்டால் மங்கிப்போகும்.