கைப்பிடி வைத்தால் வீடு ஆஸ்பத்திரி ஆகிவிடுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. தஞ்சாவூரில் தரைத்தள வீடு ஒன்று கட்டுகிறோம். அடுத்த வாரம் பேஸ்மென்ட் வேலை. மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் சாய்தளம், கைப்பிடி எல்லாம் வைக்கலாம் என்றேன். "வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான் மகன். இன்ஜினியரும் அப்படியே சொல்கிறார். எதை இப்போதே செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

பதில்: கைப்பிடிக் கம்பியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தரை மட்டத்தையும் நிலைகளின் அகலத்தையும் பிறகு மாற்ற வேண்டுமென்றால் இடிக்கத்தான் வேண்டும். அதனால் அடுத்த வாரத்துக்குள் இன்ஜினியருடன் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மழைத்தண்ணீருக்குப் பயந்து வீட்டை இரண்டரை அடி உயர்த்தினால் 30 அடி. இதைக் கேட்டதுமே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள், அல்லது செங்குத்தாக ஒன்றைக் கட்டிவைக்கிறார்கள். அதில் தனியாக ஏறவும் முடியாது, பயமில்லாமல் இறங்கவும் முடியாது. ஒரே நேர்கோட்டில் 30 அடி வேண்டும் என்பதில்லை. கார் நிறுத்தும் இடம் 15 அடி நீளமிருந்தால் அதன் தரையிலேயே ஓர் அடி ஏற்றிவிடலாம். திரும்பும் இடத்தில் ஐந்தடிக்குச் சமதளம். மீதி ஒன்றரை அடியைப் பக்கவாட்டுச் சந்தில் 18 அடி நடைபாதையாக ஏற்றி, திண்ணையில் கொண்டுபோய்ச் சேருங்கள். ஓரத்தில் செடிகள், மேலே சொரசொரப்பான கல். பார்ப்பவருக்கு அது தோட்டத்து நடைபாதை. பேரக்குழந்தையின் தள்ளுவண்டிக்கும் காஸ் சிலிண்டருக்கும் அதே வழிதான்.

நிலைவாசல் படி உயரமாக இருந்தால்தான் லட்சணம் என்று வீட்டில் சொல்வார்கள். தேக்குப் பலகையைத் தரையோடு சமமாகப் பதித்துவிட்டால் மஞ்சள் குங்குமம் வைக்க எந்தக் குறையும் இல்லை, கால் இடறவும் இடறாது.

கதவுகளில் பாத்ரூம் கதவைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டரை அடி நிலை வைப்பதுதான் இங்கே வழக்கம். சட்டம் போக உள்ளே கிடைப்பது இரண்டடிக்குச் சற்று மேல், சக்கர நாற்காலி நுழையாது. மூன்றரை அடி நிலை போடச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டாலும் வெளியிலிருந்து திறக்க முடியும். நாலரை இஞ்சுச் சுவராக இருந்தால், பிறகு கைப்பிடிக் கம்பி வரப்போகும் இடங்களில் செங்கலுக்குப் பதில் கான்கிரீட் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கான்கிரீட் எங்கே இருக்கிறது என்று பிறகு தெரிய, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் அளவு டேப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் கடையில் "ஆன்டி ஸ்கிட்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். வழுக்காத பிடிப்பைக் காட்ட ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு தரக்குறியீடு உண்டு. குளிக்கும் இடத்துக்கு ஆர்11 கேளுங்கள். ஆனால் அந்தச் சோதனை செருப்புக் காலுக்கானது. ஈரத்தில் வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனிக் குறியீடு இருக்கிறது, அதில் சி-தான் அதிகப் பிடிப்பு. சாம்பிள் டைலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, எதையாவது பிடித்துக்கொண்டு வெறுங்காலை வைத்துப் பாருங்கள். மாடல் பெயரையும் குறியீட்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வேறு சரக்கு வந்து இறங்கி, கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த பில்தான்.

ஆத்தங்குடிக் கல்லில் ஆசை இருந்தால் ஹாலில் தாராளமாகப் போடுங்கள். தண்ணீர் புழங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

அழகு பற்றி உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்றால்தான் அது ஆஸ்பத்திரி. வயதான கண்ணுக்கு அதில் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. சுவருக்கு ஆழ்ந்த பச்சையோ செங்கல் நிறமோ கொடுங்கள், கமோடு தனியாகத் தெரியும். குழாய்கள் கருப்பு மேட் பினிஷ் என்றால் கம்பியும் அதே பினிஷில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே செட் போல அமைந்துவிடும்.

கேள்வி: வாடகை பிளாட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டைல்ஸ் இடுக்கு வழியாகவோ ஈரத்தாலோ காற்று புகுந்தால் அது சொல்லாமல் கழன்றுவிடும், அம்மா முழு எடையையும் அதில் போட்டிருக்கும் நேரத்திலேயே. டவல் கம்பியையும் பிடிக்க விடாதீர்கள். கமோடைச் சுற்றித் தரையில் நிற்கும் இருபக்கக் கைப்பிடிச் சட்டம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ரப்பர் கால் பொருத்திய, உயரம் மாற்றக்கூடிய குளியல் நாற்காலியும் வேண்டும். வாங்குவதற்கு முன் எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் பாருங்கள். அப்புறம், வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். காலி செய்யும்போது துளைகளை அடைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்தால் சம்மதிப்பவர்களும் இருக்கிறார்கள்.