மகனுக்கு எடை கூடுதல், மகள் சாப்பிட மறுக்கிறாள்: ஒரே வீட்டில் இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

மகன் 8 வயது, 128 செ.மீ., 33 கிலோ. மகள் 4 வயது, 14 கிலோ, பால் மட்டும் மூன்று டம்ளர் குடித்துவிட்டுச் சோற்றைக் கண்டால் ஓடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுங்கள்; வருவது பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண். மகனுக்கு 20.1. பெரியவர்களுக்கு இது நல்ல எண், 8 வயதுப் பையனுக்கு அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி இந்த வயதில் 17.4ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 19.7ஐத் தாண்டினால் உடல் பருமன். உயரத்தைச் செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளக்க வேண்டும். 130 என்று தவறாக அளந்தால் 19.5 வரும், பருமன் இல்லை என்று ஏமாந்துவிடுவோம். மகளின் 14 கிலோ இயல்பான எடைதான். கவலையை விடுங்கள்.

மகனைப் பட்டினி போடாதீர்கள். எடை குறைய வேண்டியதில்லை, ஏறாமல் நின்றாலே போதும். ஒரு வருடத்தில் 6 செ.மீ. வளர்ந்து எடை 33லேயே இருந்தால் பிஎம்ஐ 18.4 ஆகிவிடும். 9 வயதுக்கு அது பருமன் கணக்கில் வராது.

என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த முறை இது. இருவருக்குமே பொருந்தும். கைபேசியைக் காட்டி மகளுக்கு ஊட்டுவதும், மகன் தட்டிலிருந்து தோசையைப் பிடுங்குவதும் ஒரே கெடுதலைத்தான் செய்கின்றன: பசியையும் நிறைவையும் உணரும் பழக்கம் போய்விடுகிறது. பிடுங்கினால் ஒளித்துத் தின்பான், திணித்தால் வாயிலேயே அடக்கிவைத்துக்கொள்வாள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது நேரத்தில்தான். காலை 8, பகல் 1, மாலை 4.30, இரவு 7.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி இடைவேளைக்கு ஒரு பழம். நடுவில் தண்ணீர் மட்டும். ஆறு மணிக்கு நாலு பிஸ்கட் தின்ற பிள்ளை ஏழரைக்கு இட்லியைத் தொடாது.

மகளின் மூன்று டம்ளர் பால், தலா இரண்டு தேக்கரண்டி சர்க்கரையோடு, சுமார் 500 கலோரி. அவளுக்கு ஒரு நாளைக்குத் தேவையே ஏறக்குறைய 1,300தான். பிறகு சோற்றுக்கு எங்கிருந்து பசி வரும்? பால் அதிகமானால் இரும்புச்சத்தும் குறையும். 400 மி.லி.யோடு நிறுத்துங்கள், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள்.

இருவருக்கும் ஒரே சமையல். தட்டில் பாதி காய், கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்போ முட்டையோ மீனோ. மகன் மறுசோறு கேட்டால் மறுக்க வேண்டாம், கூட்டையும் சேர்த்துப் பரிமாறுங்கள். மகளுக்குப் புதுக் காய் என்றால் இரண்டு துண்டு மட்டும் வையுங்கள், தின்னச் சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைக்கும். மூன்றாம் முறையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று விட்டுவிடுகிறோம். 300 மி.லி. கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது வீட்டுக்குள் வராமல் இருப்பது பெரியவர்கள் கையில்தான்.

பையனை "குண்டு" என்று செல்லமாகக்கூட அழைக்காதீர்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடி விளையாடட்டும்.

மகனின் பின்கழுத்தில் தோல் கறுத்துத் தடித்தாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நின்று வந்தாலோ, எடை ஏறியும் உயரம் ஏறாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மகள் மண், பச்சரிசி தின்றாலோ, மூன்று மாதம் கழித்து எடை பார்க்கும்போது குறைந்திருந்தாலோ அவளையும்.