கேளுங்கள் சொல்கிறோம்: பயிற்சியாளருக்கே மாரடைப்பா?

கே: 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடைக்குறைப்புப் போட்டி டிவி நிகழ்ச்சியின் பயிற்சியாளர் பாப் ஹார்ப்பருக்கே மாரடைப்பு வந்ததாமே? அதையே சொல்லி என் கணவர் காலை நடையை நிறுத்திவிட்டார். என்ன பதில் சொல்வது?
– ஈசூன் வாசகி

ப: வந்தது உண்மைதான் அம்மா. ஆனால் உங்கள் கணவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். 2004ல் அந்த நிகழ்ச்சி அமெரிக்காவில் தொடங்கியபோதே பயிற்சியாளராக உள்ளே வந்தவர் ஹார்ப்பர். கூட இருந்த ஜிலியன் மைக்கேல்ஸ் கத்திக் கத்தி வேலை வாங்குவார், இவர் தோளில் கைபோட்டுப் பேசுவார், அப்படியே வருஷக்கணக்கில் ஓடி 2016ல் தொகுப்பாளராகவும் ஆகிவிட்டார். மறு வருஷம் பிப்ரவரியில், 51 வயதில், நியூயார்க்கில் ஒரு ஜிம்மிலேயே சுருண்டு விழுந்தார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாய் முழுக்க அடைத்திருந்தது. அங்கே உடற்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு டாக்டர் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார், நின்ற இதயத்தை மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிக்க வைக்கும் ஏஇடி கருவியும் கையெட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் பிழைத்தார். கண் விழித்தது இரண்டு நாள் கழித்து.

குற்றவாளி உடற்பயிற்சி இல்லை. அவருடைய அம்மாவும் மாரடைப்பில் போனவர். லிப்போபுரோட்டீன் ஏ என்று ரத்தத்தில் ஒரு கொழுப்பு, அது ஹார்ப்பரைப் போலச் சிலருக்குப் பரம்பரையாகவே கூடுதலாக இருக்கும், ஓடினாலும் பத்தியம் இருந்தாலும் பெரிதாக இறங்காது. வழக்கமான கொலஸ்ட்ரால் சோதனையில் தெரியாது, தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். உங்கள் கணவரின் அப்பா, சித்தப்பா யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இதய நோய் சீக்கிரமே வருகிறது, இதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம், பிழைத்து வந்த ஹார்ப்பருக்கு முதல் பயிற்சி என்ன தெரியுமா? மெதுநடை. உங்கள் கணவர் நிறுத்தினாரே, அதேதான்! 2020ல் அந்த நிகழ்ச்சி திரும்ப வந்தபோது தொகுத்து வழங்கியதும் அவரே.

கே: அந்த நிகழ்ச்சியில் போல சில மாதத்தில் ஐம்பது கிலோ குறைக்கலாமா?
– ஜூரோங் வாசகர்

ப: வேண்டாம். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016ல் வந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது, அதைவிட வேதனை, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி அவர்கள் உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே கிடந்தது. ஏறிய எடைக்காக அவர்களைச் சோம்பேறி என்று திட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கே: தேசிய சேவை முடித்த மகன் பயிற்சியாளராகி டிவியில் வரவேண்டும் என்கிறான். விடலாமா?
– தெம்பனிஸ் வாசகி

ப: தாராளமாக விடுங்கள். ஹார்ப்பரும் கேமரா முன் நிற்பதற்கு முன்னால் லாஸ் ஏஞ்சலிஸில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் பிழைத்தார். மகன் முதலில் முதலுதவிச் சான்றிதழ் எடுக்கட்டும். உங்கள் புளோக்கிலோ பக்கத்துப் புளோக்கிலோ கீழே மின்தூக்கி அருகில் ஏஇடி பெட்டி இருக்கும், இன்றே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்துவிட்டு அதை எடுத்து இயக்கினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கருவியே பேசிச் சொல்லும்.