123456789க்குள் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

என் மகள் தரம் 10 படிக்கிறாள். 123456789இன் காரணிகளைக் கண்டுபிடிக்கிறேன் என்று இரண்டு இரவாகக் கொப்பியும் கையுமாக இருக்கிறாள். 3ஆல் இரண்டு தரம் வகுத்து 13717421 வரை வந்துவிட்டாள். பிறகு 97 வரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்தும் மீதி வருகிறது. "இதுவும் முதன்மை எண்தானோ அம்மா?" என்கிறாள். போனில் தட்டினால் விடை வரும்தானே, இதற்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா?

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கைக்கு,

மினக்கெடட்டும், விடுங்கள். போன் விடையைத்தான் சொல்லும். அந்த விடை ஏன் அப்படி வருகிறது என்பது வகுத்துப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் பிடிபடும்.

13717421 முதன்மை எண் அல்ல. ஆனால் அவள் போகும் வழியிலேயே போனால் 500க்கும் மேற்பட்ட முதன்மை எண்களைத் தாண்டித்தான் முதல் காரணி அகப்படும். மட்டக்களப்பில் நான் பார்க்கிற கொப்பிகள் எல்லாம் 2, 3, 5 என்று கீழிருந்துதான் ஏறுகின்றன. வர்க்கமூலத்தில் இருந்து தொடங்கலாம் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய குறை. 1640களில், பிரான்சின் துலூசில் நீதிமன்ற உத்தியோகம் பார்த்துக்கொண்டே கணிதம் செய்த ஃபெர்மா காட்டிய வழி அது. உங்கள் மகள் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசம்தான், அதாவது a² − b² = (a − b)(a + b) என்பதுதான், அதன் அடிப்படை.

13717421இன் வர்க்கமூலம் 3703ஐக் கொஞ்சம் தாண்டும். எனவே 3704இல் தொடங்கலாம். அதன் வர்க்கம் 13719616. நமது எண்ணைக் கழித்தால் 2195. ஐந்தில் முடிகிற வர்க்கம் எதுவும் 25இல்தான் முடியும், ஆகவே இது சரிவராது. அடுத்து 3705. வர்க்கம் 13727025, கழித்தால் 9604. அது 98இன் வர்க்கம்! அப்போ 3705இல் 98ஐக் கழித்தால் 3607, கூட்டினால் 3803. இரண்டையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இந்த இரண்டும் முதன்மை எண்களா? 62இன் வர்க்கமே 3844 என்பதால் 61 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அந்த வேலையை அவள் ஏற்கெனவே முடித்துவிட்டாள்! 61 வரையுள்ள ஒரு முதன்மை எண் இவற்றில் ஒன்றை வகுத்தால், அது 13717421ஐயும் வகுத்திருக்க வேண்டுமே. மீதி மீதியாக வந்த அந்தப் பக்கங்கள்தான் இப்போது நிறுவல். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் ரகசியம் காக்கிற, 1977இல் வந்த ஆர்எஸ்ஏ முறையும் இரண்டு பெரிய முதன்மை எண்களின் பெருக்கத்தை நம்பித்தான் நிற்கிறது. அவை ஒன்றுக்கொன்று மிகவும் கிட்ட இருந்தால் இதே வழியில் உடைந்துவிடும். 2022இல் சில பிரின்டர்கள் உண்டாக்கிய சாவிகள், அதாவது இப்படியான பெருக்கங்கள், அப்படித்தான் உடைந்தன.

காரணிகள் தூர இருந்தால் இந்த வழி இழுத்தடிக்கும். அடுத்ததாக 987654321ஐக் கொடுங்கள். அதற்கு அவளுடைய பழைய வழிதான் தோது: 9ஆல் வகுத்த பிறகு 17 இரண்டு தரம் போகும், 379721 மிஞ்சும். அது முதன்மை எண்ணா என்று முடிவுகட்ட 613 வரை வகுக்க வேண்டும். செய்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.